யாரும் கேட்டு வராத இரும்பு

கதவைச் சாத்திவிட்டு வாருங்கள், காற்று விளக்கை அணைக்கப் பார்க்கிறது. மூட்டைகளுக்கு நடுவே இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். குளிருக்கும் நல்லது, பயத்துக்கும் நல்லது. சின்னராசா, நீ ஏன் அந்த மூலையில் போய் ஒண்டுகிறாய்? இது உன் தாய்மாமன் கதை. நான் எங்கேயாவது கண் காது மூக்கு வைத்துச் சொன்னால் நீதான் என்னைப் பிடிக்க வேண்டும்.

இப்போது நம் பதுளைக்கே கோச்சி வந்துவிட்டது. ராத்திரியில் அது ஊதினால் புரண்டு படுத்துக்கொள்கிறோம். நான் சொல்வது அதற்கு முந்திய காலம். தண்டவாளம் பண்டாரவளையோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் மாட்டு வண்டி, இல்லாவிட்டால் நம் கால்.

விளக்கு வைக்கிற நேரம்... பண்டாரவளையிலிருந்து பூனாகலைப் பக்கம் போகிற மலைப் பாதை. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம். பள்ளம் நிறையப் பனி. முன்னேயும் ஆள் இல்லை, பின்னேயும் ஆள் இல்லை. சின்னராசாவின் மாமன் ரெங்கசாமி மட்டும் ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தான். கக்கத்தில் ஒரு சாக்குப் பொட்டலம். அதற்குள் ஒரு இரும்பு.

ரெங்கசாமி பண்டாரவளை ஸ்டேசனில் வேகன்களுக்கு எண்ணெய் விடுகிற ஆள். அவன் மனைவி கருப்பம்மா தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். அவன் ஸ்டேசன் பக்கத்துக் குடிசையில், அவள் தோட்டத்து வரிசை வீடான லயத்தில். சனிக்கிழமை வந்தால்தான் இருவருக்கும் ஒரே அடுப்புச் சோறு. அன்று சனிக்கிழமை இல்லை. மத்தியானம் தோட்டத்து ஆள் ஒருவன் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

"அண்ணே, அக்காவுக்கு நோவு கண்டிருச்சு. மருத்துவச்சி ஆத்தா ஒங்கள இரும்போட வரச் சொன்னாங்க. மறந்துறாம கொண்டாரணுமாம்."

இரும்பு எதற்கென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிள்ளை பெற்றவள் தலைமாட்டில் ஒரு இரும்பு வைப்போம், பதினாறு நாள் கழியும்வரை அதை அசைக்க மாட்டோம். இரும்பு கிடக்கிற இடத்தில் காத்துக் கருப்பு அண்டாது.

ஆனால் கருப்பம்மாவுக்கு இரண்டு தடவை அசைந்துவிட்டது.

தலைப்பிள்ளைக்குக் கவ்வாத்துக் கத்தியை வைத்தார்கள். அது தோட்டத்துக் கத்தி. தேயிலை வெட்டுகிற காலம் வந்ததும் கங்காணி ஆள் அனுப்பினார், எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அந்த வாரமே ஒரு ராத்திரி பிள்ளைக்குச் சூடு கண்டது, விடிவதற்குள் போய்விட்டது. அடுத்த பிள்ளைக்குப் பக்கத்துக் காம்பரா வீட்டில் அரிவாள் இரவல் வாங்கி வைத்தார்கள். அவர்கள் வேறு தோட்டத்துக்குப் பெயர் பதிந்து போகிறோம் என்று வந்து நின்றார்கள். இரவல் வாங்கியதைக் கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியுமா? கொடுத்த மறுநாளே அதுவும் அப்படித்தான்... நடு ராத்திரியில் சூடு கண்டிருக்கிறது. களைத்துக் கிடந்த கருப்பம்மாவுக்குத் தெரியவில்லை. விடிந்து தொட்டுப் பார்த்தபோது பிள்ளை குளிர்ந்து போயிருந்தது. அவள் அழவில்லை என்று சொல்வார்கள். தொட்ட கையைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாளாம்.

மூன்றாவது தடவை வயிறு நிறைந்தபோது மருத்துவச்சி ரெங்கசாமியைக் கூப்பிட்டு முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

"இந்தத் தடவ யாரும் கேட்டு வராத இரும்பாப் பாத்து எடுத்துட்டு வா ராசா. கடையில வாங்குற புது இரும்பு வேணாம், அதுக்குப் பேய் பயப்படாது. பாடுபட்ட இரும்பா இருக்கணும். இதுவும் போச்சுன்னா கருப்பம்மா எந்திரிக்க மாட்டா, சொல்லிட்டேன்."

யாரும் கேட்டு வராத இரும்பு... தோட்டத்தில் ஏது? ஆணி முதல் அலவாங்கு வரை எல்லாவற்றுக்கும் ஒரு சொந்தக்காரன் இருக்கிறான். ரெங்கசாமி யோசித்து யோசித்து, கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தான். அதைத்தான் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறான்.

அது வடிவேலின் மூடி.

கோச்சியில் ஏறி இறங்குகிறோமே தவிர, சக்கரத்தை யார் பார்க்கிறோம்? அடுத்த தடவை குனிந்து பாருங்கள். சக்கரத்துக்கு வெளியே, அச்சின் நுனியில், சின்னப் பானை அளவுக்கு ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். உள்ளே எண்ணெயில் ஊறிய பஞ்சு. அச்சு நுனி அதற்குள்தான் சுற்றுகிறது. பெட்டியின் வாய்க்கு ஒரு மூடி. மூடியின் முதுகில் பட்டையாக ஒரு ஸ்பிரிங். விரலை விட்டு மேலே நெம்பினால் முறைத்துக்கொண்டு திறக்கும். விட்டால்... டக். தானாக மூடிக்கொள்ளும். அந்த மூடி சரியாக மூடாவிட்டால் தூசி போகும், மழைத் தண்ணீர் போகும், பஞ்சு கெட்டுவிடும். அப்புறம் அச்சு சூடேறும், புகையும், கடைசியில் முறிந்தே போகும். நம் மலைச் சரிவில் ஒரு வேகனின் அச்சு முறிந்தால் என்ன ஆகும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

வடிவேல்தான் ரெங்கசாமிக்கு முன்னால் அங்கே எண்ணெய் விட்டவன். தனி ஆள், பெண்டாட்டி பிள்ளை கிடையாது. நெம்புவான், பார்ப்பான், எண்ணெய் விடுவான், டக் என்று மூடுவான். மூடிய பிறகும் போக மாட்டான். உள்ளங்கையை மூடியின் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பான், தாய் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. கொஞ்சம் சூடு தெரிந்தாலும் போதும், "புள்ளைக்குக் காய்ச்சல்! புள்ளைக்குக் காய்ச்சல்!" என்று கத்திக்கொண்டு என்ஜின் பக்கம் ஓடுவான். மற்றவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அவன் சொல்லி ஒரு தடவையும் தப்பியதில்லை.

ஒரு நாள் அடைமழை. வண்டி புறப்படுகிற நேரம். கடைசிக்கு முந்திய வேகனில் வடிவேல் கை வைத்தான், சுட்டது. கத்தினான். மழைச் சத்தத்திலும் என்ஜின் சத்தத்திலும் அது யார் காதிலும் விழவில்லை. சரி, ஓடி நேரம் போக்குவதை விடப் பஞ்சையாவது நனைத்துவிடலாம் என்று மூடியை நெம்பிக் கையை உள்ளே விட்டிருக்கிறான். குளிருக்கு மணிக்கட்டில் சுற்றியிருந்த துணி மூடியில் மாட்டிக்கொண்டது. டக். வண்டி நகர்ந்தது...

அவனைக் கண்டுபிடித்து வண்டியை நிறுத்தியபோது உயிர் இல்லை. வலது கையில் உள்ளங்கை மட்டும் இருந்தது. விரல்கள் பெட்டிக்குள் போய்விட்டன. அச்சைப் பார்த்தவர்கள், நெருப்பில் வாட்டியது போல நீலம் பாய்ந்திருந்தது என்றார்கள். இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருந்தால் முறிந்திருக்கும், பின்னால் இருந்த மூன்றாம் வகுப்பு ஜனம் அத்தனையும் பள்ளத்தில்தான். வடிவேல் சொன்னது அன்றைக்கும் தப்பவில்லை.

அந்த வேகனை ஸ்டேசனுக்குக் கொண்டு வந்து ஓரத் தண்டவாளத்தில் தள்ளிவிட்டார்கள். புல் முளைத்துச் சக்கரத்தை மூடியது. விரல்களைத் தேடி அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை. அந்த வேகனையும் யாரும் கேட்கவில்லை, அந்த மூடியையும் யாரும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் ரெங்கசாமி அங்கே போய் நின்றான். மூடியைத் தாங்கும் ஆணியைத் தட்டிக் கழற்றினான். முகத்தைத் திருப்பிக்கொண்டே கழற்றினான், உள்ளே பார்க்கவில்லை. திறந்த வாயில் மழை இறங்காமல் சாக்கைச் சுருட்டி அடைத்தான். பிறகு இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு சொன்னான்.

"அண்ணே, பதினாறு நாளைக்கு மட்டும் குடுங்கண்ணே. புள்ள பொழைக்கணும். பதினாறு முடிஞ்சதும் நானே கொண்டாந்து மாட்டிர்றேன்."

இப்போது பாதைக்கு வருவோம். நன்றாக இருட்டிவிட்டது. ரெங்கசாமி நடக்கிறான். சரளைக் கல்லில் அவன் காலடிச் சத்தம்... சரக், சரக், சரக். கொஞ்ச தூரம் போனதும் அதற்குள்ளே இன்னொரு காலடி கேட்டது. நின்றான். அதுவும் நின்றது. நடந்தான். அதுவும் நடந்தது. பச்சைத் தேயிலை வாசம்தான் அந்தப் பாதை முழுக்க. அதற்கு நடுவே, சூடேறிய அச்செண்ணெயின் நாற்றம். கறுப்பான, தொண்டையில் ஒட்டுகிற நாற்றம்.

கக்கத்துப் பொட்டலத்துக்குள்... டக்.

ரெங்கசாமி திரும்பிப் பார்க்கவில்லை. நம் ஆட்கள் திரும்ப மாட்டார்கள். "பதினாறு நாள்தான் அண்ணே" என்று மட்டும் முணுமுணுத்துக்கொண்டே நடந்தான். பின்னால் வந்த காலடியும் லயம்வரை கூடவே வந்தது. லயத்துக் கோடியில் ஒரு நாய் உண்டு, எமனே வந்தாலும் குரைக்கிற நாய். அது எழுந்து வந்தது. ரெங்கசாமிக்குப் பக்கத்தில், ஆள் இல்லாத இடத்தைப் பார்த்து... வாலை ஆட்டியது.

காம்பரா வாசலில் கால் வைக்கும்போதே உள்ளே பிள்ளை அழுதது. பெண் பிள்ளை.

மருத்துவச்சி சாக்கைப் பிரித்தாள். கறுத்து, எண்ணெய் குடித்து, ஸ்பிரிங்கோடு கிடந்த அந்த மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லா ஒழைச்ச இரும்பு" என்று சொல்லிக் கருப்பம்மாவின் தலைமாட்டில், பாய்க்கு அடியில் வைத்தாள். யாருடையது என்று அவள் கேட்கவில்லை. ரெங்கசாமியும் சொல்லவில்லை. அன்றும் மறுநாளும் ஒன்றும் நடக்கவில்லை. அவன் பிள்ளையை ஆசை தீரப் பார்த்துவிட்டு ஸ்டேசனுக்குத் திரும்பினான்.

யார் அது, அரிசிப் பானையின் மூடியைத் தட்டுவது? கை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள் ஐயா. எனக்கே தூக்கிவாரிப் போடுகிறது.

அடுத்த சனிக்கிழமை ரெங்கசாமி வந்தபோது கருப்பம்மா தூக்கமில்லாமல் கண் குழிந்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளை மடியில் கிடந்தது. நன்றாகத்தான் இருந்தது.

"ஏங்க, இந்த இரும்பு சத்தம் போடுதுங்க" என்றாள்.

"என்னா சத்தம்?"

"டக்குன்னு. பாய்க்கு அடியில. எல்லா நாளும் இல்ல, மூணு ராத்திரி கேட்டிருச்சு. சத்தம் கேட்டு முழிச்சுப் பாத்தா, புள்ளைக்கு அனலாக் கொதிக்குது. ஈரத்துணி போட்டு, சங்குல கசாயம் ஊத்தி, விடிய விடிய மடியிலேயே வச்சிருந்தேன். விடியக்குள்ள எறங்கிருச்சு. மூணு தடவயும் இப்பிடியேதான்."

ரெங்கசாமிக்கு வழியில் கேட்ட டக் நினைவுக்கு வந்தது. ஆனாலும் ஆம்பிளை அல்லவா, "பெட்டியில்லாத மூடி எப்பிடி மூடும்? கனாக் கண்டிருப்ப" என்று சிரித்தான். சிரித்தவன் அன்று ராத்திரி தூங்கவில்லை.

மழை விட்டு, தகரக் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. லயம் முழுக்க உறக்கம். களைத்துப் போய்க் கருப்பம்மாவும் உறங்கிவிட்டாள். ரெங்கசாமி கம்பளிக்குள் கண்ணை விழித்துக்கொண்டு படுத்திருந்தான். முதலில் வாசம் வந்தது, அச்செண்ணெய் வாசம். அப்புறம் கருப்பம்மாவின் பக்கத்தில் யாரோ மெதுவாகக் குந்தி உட்காருவது போல... முழங்கால் நெட்டி முறிகிற சத்தம். குந்திக் குந்தியே வேலை செய்கிற ஆளுக்குத்தான் முழங்கால் அப்படிச் சத்தம் போடும்.

பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. சொட்டு... சொட்டு...

டக்.

கருப்பம்மா துடித்து எழுந்தாள். அவள் கை நேரே பிள்ளையிடம் போனது. "சுடுது! ஏங்க, வெளக்க ஏத்துங்க, சுடுது!" என்றாள். ரெங்கசாமி விளக்கை ஏற்றிக்கொண்டு வந்து குனிந்தான். பிள்ளையின் சின்ன நெற்றியில் கறுப்பாக எண்ணெய்த் தடம். உள்ளங்கை அளவுத் தடம், ஓரத்தில் கட்டைவிரல் பட்ட அடையாளம் கூட இல்லை. ஒரு விரலின் தடம் கூட இல்லை.

அவன் போட்ட சத்தத்தில் லயமே எழுந்துவிட்டது.

அன்று ராத்திரியும் பிள்ளை பிழைத்துக்கொண்டது. விடிந்ததும் மருத்துவச்சி வந்தாள். ரெங்கசாமி இனி மறைக்க முடியாது என்று எல்லாவற்றையும் கொட்டினான், வடிவேல், வேகன், விரல், வழியில் கேட்ட காலடி எல்லாவற்றையும். கிழவி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"அட பாவி, இரும்பு பேயத் தொரத்தணும். இது பேயக் கூட்டிட்டு வந்திருக்கு. அந்தச் சத்தம் கேக்குறப்பெல்லாம் புள்ளைக்குச் சூடு காணுதுன்னா வேற என்னா? ஒவ்வொரு தடவயும் தொட்டுட்டுத் தொட்டுட்டுப் போறான். ஒரு நாளைக்குக் கையோட கொண்டு போயிருவான். எடுத்த எடத்துலயே இன்னைக்கே மாட்டிட்டு வந்துரு."

"அப்ப தலமாட்டுல?" என்றான் ரெங்கசாமி.

"என் பாக்குவெட்டிய வைக்கிறேன். ஏழு பேருக்கு வச்ச இரும்பு."

அவன் பாய்க்கு அடியிலிருந்து மூடியை எடுத்தபோது கருப்பம்மா அவன் கையைப் பிடித்தாள். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. தட்டுத் தடுமாறித்தான் சொன்னாள்.

"ஏங்க... அந்தச் சத்தத்துலதாங்க நான் முழிக்கிறேன். அது இல்லாட்டி..."

"வாய மூடு புள்ள" என்றான் ரெங்கசாமி. பயம் வந்தவனுக்குக் கோபமும் வரும், தெரியும்தானே. கையை உதறிவிட்டுக் கிளம்பினான். போகும்போது லயத்துக் கோடி நாய் அவன் காலைக் கவ்வி இழுத்ததாம். கல்லை எடுத்து எறிந்துவிட்டுப் போனான்.

பதினாறு முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது.

பகலில் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று வழியில் பொழுதைப் போக்கிவிட்டு, இருட்டிய பிறகுதான் ஸ்டேசனுக்கு வந்து சேர்ந்தான். காலையில் புறப்பட வேண்டிய வண்டி பெரிய தண்டவாளத்தில் ஆள் இல்லாமல் நின்றது. அதைத் தாண்டி, ஓரத் தண்டவாளத்தில், புல்லுக்கு நடுவே வடிவேலின் வேகன். ரெங்கசாமி சாக்கை உருவினான், உள்ளே பார்க்கவில்லை. மூடியை வைத்து ஆணியைத் தட்டினான். நெம்பிப் பார்த்துக் கையை விட்டான். டக். அச்சாகப் பொருந்திக்கொண்டது.

"அண்ணே, ஒங்க பொருள் ஒங்ககிட்ட வந்துருச்சு. எம் புள்ளைய விட்டுருங்க."

திரும்பி நடந்தான். நெஞ்சு கொஞ்சம் லேசாகியிருந்தது. குடிசைக்குப் பாதி வழி போயிருப்பான்... பின்னால்,

டக்.

நின்றான். காற்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். காற்றில் திறக்கிற மூடியா அது?

டக். டக். டக், டக், டக்.

திறந்து மூடித் திறந்து மூடி, ஓயாமல். யாரோ கதவைப் போட்டு இடிப்பது போல. பிறகு அந்தச் சத்தம் வேகனை விட்டு இறங்கியது. பெரிய தண்டவாளத்தில் நின்ற வண்டியில், கடைசி வேகனின் மூடி அடித்துக்கொண்டது. அடுத்து அதற்கு முந்தியது. அடுத்து அதற்கும் முந்தியது. ஒவ்வொரு மூடியாக அடித்துக்கொண்டு, ஓடி வருகிற ஆளின் வேகத்தில், ரெங்கசாமியை நோக்கி... அச்செண்ணெய் நாற்றம் மூச்சை அடைத்தது.

அவன் ஓடினான். குடிசைக்குள் புகுந்து தாழ்ப்பாளைப் போட்டான். கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். பொருளைத் திருப்பிக் கொடுத்தும் ஆத்திரம் தீரவில்லையே இவனுக்கு என்று அழுதான். வெளியே சத்தம் நிற்கவில்லை. ராத்திரி முழுவதும் அடித்தது. குடிசையைச் சுற்றிச் சுற்றி வந்து அடித்தது. கையை எடுத்துக் கேட்க அவனுக்குத் தைரியம் இல்லை.

கோழி கூவுவதற்குக் கொஞ்சம் முன்னால் எல்லாம் ஓய்ந்தது. அப்புறம் ஒரே ஒரு தடவை, மிக மெதுவாக, கையால் பிடித்து மூடுகிறது போல...

டக்.

அவ்வளவுதான்.

விடிந்ததும் ரெங்கசாமி லயத்துக்குக் கிளம்பினான். வெயில் நன்றாக அடித்தது. பாதையில் ஒரு காலடிதான் கேட்டது, அவனுடையது மட்டும். பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டு போனதாகப் பிற்பாடு அவனே சொல்லியிருக்கிறான். லயத்தைத் திரும்பியபோது இஸ்தோப்புத் திண்ணையில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு மலையில் கொழுந்து எடுக்க வேண்டிய நேரத்தில் அவர்கள் ஏன் அங்கே நிற்கிறார்கள்? அவனைப் பார்த்ததும் விலகி வழி விட்டார்கள். ஒருத்தியும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

கருப்பம்மா பாயில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். தலைமாட்டில் பாக்குவெட்டி வைத்தது வைத்தபடி இருந்தது. வலது கையை விரித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வந்ததும் நிமிர்ந்து பார்த்துக் கோபமே இல்லாமல் சொன்னாள்.

"ராத்திரி சத்தமே வரலங்க... நல்லாத் தூங்கிட்டேன்."

ரெங்கசாமிக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. சூடு கண்ட பிறகுதான் சத்தம். சத்தம் வந்ததால் சூடு இல்லை. வடிவேல் சொல்லி ஒரு தடவையும் தப்பியதில்லை. நேற்று ராத்திரி முழுவதும் ஸ்டேசனில் ஓடி ஓடிக் கத்தியிருக்கிறான், வழக்கம் போல யாரும் கேட்கவில்லை. யாரும் கேட்டு வராத இரும்பு வேண்டும் என்றுதான் தேடிப் பிடித்தார்கள். யாரும் கேட்டு வரவும் இல்லை. பெற்ற தகப்பனே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

சின்னராசா, தலையைக் குனியாதே அப்பா. உன் மாமனை நான் குறை சொல்லவில்லை. அந்த இடத்தில் நாம் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

கதை அதோடு முடிந்திருந்தால் இத்தனை நேரம் உங்களை உட்கார வைத்திருக்க மாட்டேன்.

கருப்பம்மா மலைக்குத் திரும்பினாள். கொழுந்து எடுத்தாள். யாரோடும் அதிகம் பேசுவதில்லை. சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவனுக்குச் சோறு கட்டிக்கொண்டு ஸ்டேசனுக்கு வந்தாள். அவள் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. விடாத மழை. ரெங்கசாமி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு திரும்பினால் ஆளைக் காணவில்லை. இங்கே தேடி, அங்கே தேடி... ஓரத் தண்டவாளத்துப் பக்கம் போனான்.

முழங்காலளவுப் புல்லில், மழையில் நனைந்துகொண்டு நின்றாள். அந்த வேகன் எதுவென்று அவளுக்கு யாரும் காட்டியதில்லை. எந்தச் சக்கரம் என்றும் சொன்னதில்லை. நேரே அங்கே போய், அந்த மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவன் வந்த சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

"காய்ச்சல் இன்னும் விடலங்க" என்றாள்.

புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் அவன் நினைத்தான். "வா புள்ள, போவோம்" என்று அவள் கையைப் பிடித்து விலக்கினான். அந்தக் கை சூடாக இருந்தது. மற்றக் கையைத் தொட்டான், அது மழையில் விறைத்துக் கிடந்தது.

வேகன் அசைந்து எத்தனையோ காலம் ஆகிறது. மழை அதன் மேல் கொட்டுகிறது. இரும்பு சில்லிட்டுக் கிடக்க வேண்டும். ரெங்கசாமி மெதுவாகத் தன் உள்ளங்கையை மூடியின் மேல் வைத்தான்.

சுட்டது. பிள்ளையின் நெற்றி சுடுகிற அளவுக்கு.

கையை எடுக்கவும் முடியாமல் நின்றான். அப்போதுதான் அது கேட்டது... பெட்டிக்குள்ளிருந்து. தட்டு... தட்டு... தட்டு. அழுகிற பிள்ளையைத் தூங்க வைக்கத் தட்டிக் கொடுக்கிற சத்தம். விரல் எதுவும் படாமல், உள்ளங்கை மட்டும் படுகிற சத்தம்.